மாமாவின் முதுகுக்கு எந்த கிரீம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் தையல்காரன் எழுதுவது. நான் நலம். நீயும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறான் என்று நினைப்பாய். போன் அடித்தால் போதும், உன் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் காதைத் திறந்து வைத்துக்கொள்கிறார். "எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுங்க மாப்ளே" என்று கட்டிலில் இருந்தே உத்தரவு வருகிறது. நானும் தலையாட்டி பொம்மை மாதிரி அப்படியே சொல்கிறேன். எழுதினால் அவருக்குக் கேட்காது.

நீ அனுப்பிய கிரீம் டப்பாக்கள் வந்து சேர்ந்தன. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், கோபப்படாதே. அது வெண்ணெய் மாதிரி கெட்டி. நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, அங்கே இருப்பவர்களின் தோல் குளிரில் வெடிக்கிறது. அவர்களுக்கு அது அமிர்தமாக இருக்கலாம். இங்கே மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் இந்த அறையில் மின்விசிறி அனலைத்தான் வாரி இறைக்கிறது. பூசியது தோலுக்குள் போவதே இல்லை. மேலேயே நின்று, வேர்வையோடு சேர்ந்து பிசுபிசுத்து, தலையணை உறை, விரிப்பு என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொள்கிறது. என் பிழைப்பையும் கெடுத்துவிட்டது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் மெஷினில் உட்கார்ந்தேன். அப்படியும் வாத்தியாருடைய வெள்ளைச் சட்டைத் துணியில் என் விரல் ஐந்தும் பதிந்துவிட்டன. அவர் துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

என் கதை கிடக்கட்டும். மாமாவின் முதுகிலும் மார்பிலும் வேர்க்குரு பொரிந்துவிட்டது. இடுப்பு மடிப்பு சிவந்து புண்ணாகப் பார்க்கிறது. வாரத்துக்கு ஒருமுறை வரும் நர்ஸம்மா பார்த்துவிட்டு, "என்னங்க இது, கோடையில கம்பளி போத்திவிட்ட மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க" என்று கடிந்துகொண்டார். வேர்வை வெளியே வர வழி விட வேண்டுமாம். உடம்புக்குத் தண்ணீர் மாதிரி ஓடும் லேசான லோஷனை வாங்கி, குளிப்பாட்டிய ஈரம் காய்வதற்குள் மெல்லிசாகப் பூசினால் போதுமாம். மடிப்புகளில் ஒன்றுமே கூடாது. கெட்டி கிரீம் குதிகாலுக்கும் முழங்கைக்கும் மட்டும். வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

வாங்கி என்ன செய்ய? உன் அப்பா கிட்டே அண்டவிடவில்லை. "எம் பொண்ணு அனுப்பினது இருக்கும்போது இந்தத் தண்ணி எதுக்கு?" என்று கையைத் தட்டிவிட்டார். காலமெல்லாம் சாரத்தில் நின்று சுவருக்குப் பெயிண்ட் அடித்த மனிதர். வெயிலில் கெட்டியாக அடித்தால் கொப்பளித்துக்கொண்டு வரும், மெல்லிசாக அடித்துக் காயவிடுங்கள் என்று எத்தனை பேரைத் திட்டித் தீர்த்திருக்கிறார்! ஊருக்குத்தான் உபதேசமா என்று கேட்டேன். "சுவத்துக்கு மக கிடையாது மாப்ளே" என்றார்.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். நீ முன்பு அனுப்பியதில் காலியான டப்பாவைக் கழுவி, அதில் லோஷனை ஊற்றி, அவர் கண்ணெதிரே மூடியைத் திறந்து பூசினேன். திரும்பிப் படுத்து முதுகைக் காட்டினார். நம்மைப்போல் சாமர்த்தியசாலி உண்டா என்று மார்தட்டிக்கொண்டேன். பிறகு பார்த்தால், ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறார், பெயிண்டின் பதம் பார்ப்பவர் போல. "அவளும் லேசானதா மாத்திட்டா போல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எதுவாயிருந்தாலும் வேர்க்குரு அடங்கி வருகிறது.

இனி அனுப்பினால் லேசானதாக அனுப்பு. நானும் பொய் சொல்லாமல் பூசுவேன். லீவு போட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். அவசரம் ஒன்றும் இல்லை, வேலை ஒப்பந்தம் முடிந்தே வரட்டும் என்று மாமா சொல்லச் சொன்னார். அது அவர் சொல்லச் சொன்னது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. காதுக்குத் துணி கட்டிக்கொள்.

அன்புடன்,
உன்னவன்

---

அன்புள்ள சிட்டுவுக்கு,

நீ அனுப்பிய லோஷன் நேற்று வந்தது. அருமையான சரக்கு. கையில் ஒட்டுவதே இல்லை, பூசிவிட்டு அப்படியே துணியைத் தொடலாம். ஆனால் அதற்கு இப்போது வேலை இல்லை. நிதானமாகப் படி.

மாமாவுக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் பனியனைப் பிழிந்தால் வாளி நிறையும், அதே அறையில் அவர் மட்டும் உலர்ந்து கிடந்தார். லோஷன் வேலை செய்கிறது என்று நர்ஸம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அவர் மாமாவின் கைத்தோலை மெல்லப் பிடித்து இழுத்துவிட்டார். இழுத்த தோல் மடிந்தபடியே நின்றது. என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: தண்ணீர் உள்ளே இறங்குவது குறைந்துவிட்டது, வேர்க்க உடம்பில் எதுவும் இல்லை. டாக்டரும் வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே சௌகரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அந்த வேலையில் இருக்கிற உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. இனி கெட்டி கிரீமே பூசுங்கள் என்று நர்ஸம்மாவே சொல்லிவிட்டார். பிரிக்காத டப்பா ஒன்று மிச்சம் இருந்தது. அன்றைக்கு மேலேயே நின்று என் உயிரை வாங்கிய கிரீம், இப்போது பூசுவதற்குள் உள்ளே போய்விடுகிறது. மாமா கண்ணைத் திறந்து, "இது அசல்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் தில்லுமுல்லு அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கை ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன கை. அந்தத் தோலில் உறுத்துகிறது. எவ்வளவு மெதுவாகத் தடவினாலும் முகம் சுளிக்கிறார். வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறார். எனக்கு அழுகை வருகிறது சிட்டு. நீ அங்கே யார் யார் அப்பாவுக்கோ பூசிக்கொண்டிருக்கிறாய். குத்திக்காட்டவில்லை, அந்தக் கையால்தான் இங்கே உலை கொதிக்கிறது. ஆனாலும் வயிறு எரிகிறது.

இப்பவும் அவர், "சிட்டுகிட்ட சொல்லாதீங்க, அவ பொழப்பு கெட்டுடும்" என்றுதான் சொல்கிறார். இத்தனை வருடத்தில் மாமாவின் பேச்சை நான் தட்டியதில்லை. இன்றைக்குத் தட்டிவிட்டேன்.

கெட்டி கிரீம் மறுபடியும் அனுப்பட்டுமா என்று கேட்பாய். வேண்டாம். இந்த ஒரு டப்பாவே மிஞ்சிப்போகும். நீ கிளம்பி வா. மேலதிகாரி என்ன சொன்னாலும் கிளம்பி வா. பத்திரமாக வந்து சேர்.

உன்னவன்