கதம்பைக் குழிக்குக் கீழே

1938, பங்குனி, வெள்ளி இரவு.

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து என் அப்பாவிடம் காட்டாதீர்கள்.

இன்று டீச்சரம்மா எங்களைச் சிற்றாற்றுக்கு அழைத்துப்போய்க் கற்களைப் புரட்டிப் பார்க்கச் சொன்னார். ஆற்றின் மேல்பக்கத்தில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் பூச்சியும் நண்டும் ஓடின. அப்பா கயிறு திரிக்கத் தேங்காய்க் கதம்பையை, அதாவது உரித்த மட்டையை, ஊறப்போடும் குழிக்குக் கீழே தண்ணீர் கறுத்துக் கிடந்தது. ஓர் உயிர்கூட இல்லை.

"ஏட்டி, ஒங்கப்பா கதம்பை நாத்தத்துல நண்டெல்லாம் ஊரையே காலி பண்ணிட்டு" என்று கூடப் படிக்கும் செல்லம் சிரித்தாள்.

டீச்சரம்மா காரணம் கேட்டார். கதம்பைதான் என்று சொல்லிவிட்டேன். கீழத்தெருக்காரர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். நாளை டீச்சரம்மா அப்பாவிடம் பேச வருகிறார். அப்பா என் படிப்பை நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அதற்கு முன் நானே அப்பாவிடம் சொல்லிவிட்டால் என்ன?

கதவு தட்டும் சத்தம்.

"ஏட்டி, ஆத்துல என்னத்தப் பாத்தே? கதவத் தெற."

அப்பாதான்.