இனிமேல் ஊதச் சொல்லாதே

மேலகரம்,
சனிக்கிழமை

அன்புள்ள மகள் ஸ்ரீவித்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த மெல்போர்ன் குளிரில் சுகமாக இருக்கக் குற்றாலநாதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் நலம், நீ அப்பாவுக்குக் கொடுத்த ஈரலும் நலம், போன மாதம் எடுத்த ரத்த டெஸ்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதாம். அப்பா நலம் என்று மட்டும் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் இதை எழுதிப் பக்கத்து வீட்டுக் கோமதியம்மாளிடம் கொடுக்கிறேன், அவள் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள்.

சாரல் ஆரம்பித்துவிட்டது. சீசன் வந்தால் உன் அப்பா குற்றாலம் ரோட்டில் நடந்துவிட்டுச் சூடாக நேந்திரம் சிப்ஸ் வாங்கி, வீடு வருவதற்குள் பாதியைத் தின்றுவிடுவார் இல்லையா, இந்த வருஷம் பொட்டலம் பிரிக்காமல் வந்தது. எனக்கு அப்போதே மனசு சரியில்லை. குழம்பு வேண்டாம், தயிர்ச்சோறு போதும் என்றார். பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பழைய நாளில் குடித்த நாற்றத்தை மறைக்க அவர் போட்டுக்கொண்டு வந்ததும் கிராம்புதானே. மறுபடியும் குடிக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன். நீ வீடியோவில் வந்ததும் சிரித்துக்கொண்டே 'அப்பா, ஊதுங்க' என்பாயே, அதே மாதிரி நானும் வாசலில் நிறுத்தி ஊதச் சொன்னேன். கிராம்பு வாசனைதான் வந்தது, அதனாலேயே சந்தேகம் கூடிவிட்டது. பெற்ற பிள்ளை வயிற்றைக் கிழித்துக் கொடுத்தது இதற்குத்தானா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் சண்டைக்கு வரவில்லை. லைட்டுக்குக் கீழே போய் நின்று வாயைத் திறந்து காட்டினார். நாக்கின் ஓரத்தில் ஒரு புண், சுற்றிலும் வெள்ளையாகத் தடித்துக் கிடந்தது. 'நா குடிக்கலட்டி, சத்தியமா குடிக்கல. கிராம்பு இந்த வலிக்குத்தான். சித்திரையிலேருந்து இது ஆற மாட்டேங்குது. வித்யாட்ட சொல்லிராத, அவ குடுத்தத நா வாயால கெடுத்துட்டேன்னு நினைப்பா' என்று சொல்லி அழுதார் மகளே. ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட அழாத மனுஷன்.

தென்காசியில் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். குடியால் ஈரல் கெட்டு மாற்று ஈரல் வைத்தவர்களுக்கு, அந்த ஈரல் நன்றாக இருந்தாலும், வாயிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் புற்றுநோய் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகமாம். பழைய குடியும் சிகரெட்டும் செய்த வேலை ஒரு பக்கம், புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பது இன்னொரு பக்கம் என்றார். சிகரெட்டை விட்டாரா என்று கேட்டார். இல்லை என்றேன். குடியை விட்ட மனுஷனிடம் இதையும் பிடுங்க வேண்டாம் என்று நீயும் நானும் பேசிக்கொண்டதுதான் ஞாபகம் வந்தது. புண்ணில் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், ரிசல்ட் வியாழக்கிழமை. எல்லாப் புண்ணும் அதுவாக இருக்காது, ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்தலாம் என்றும் சொன்னார், ஆனால் என் காதில் அந்த ஒரு சொல்தான் நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது வித்யா. சோறு இறங்கவில்லை. இதில் அவர் வேறு, எல்லாம் அந்த மாத்திரையால்தானே என்று நேற்றுக் காலை அதை விழுங்காமல் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டார். நிறுத்தினால் நீ கொடுத்த ஈரலே போய்விடும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். இப்போது விழுங்கும் வரை எதிரிலேயே நிற்கிறேன். நிறுத்தினாலும் பயம், நிறுத்தாவிட்டாலும் பயம்.

நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே, முதலில் ரிசல்ட் வரட்டும். உன் வருஷச் செக்கப்பைத் தள்ளிப்போடாதே. தழும்பில் குளிர் படாமல் கம்பளி போட்டுக்கொள். இலஞ்சிக் குமாரர் துணையில் நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றவரை மீறித்தான் எழுதுகிறேன், கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். நாளைக்கு வீடியோவில் வரும்போது ஊதச் சொல்லாதே. இத்தனை வருஷமும் நாம் இரண்டு பேரும் அவர் வாயை மோந்துதான் பார்த்தோம். 'ஆ காட்டுங்க அப்பா' என்று கேள். நீ கேட்டால் திறப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
இராமலட்சுமி