அரக்கு என்று சொல்லிவிட்டேன்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு.

தம்பிக்கு விலாப்பக்கம் போட்ட குழாய் வழியாகப் பித்தம் பையில் இறங்குகிறது. தினமும் பையைக் காலி செய்யும்போது அளவையும் நிறத்தையும் ஆஸ்பத்திரி சிஸ்டருக்குப் போனில் சொல்ல வேண்டும். இன்று காலை பை கருத்துத் தெரிந்தது. "அரக்குக் கலரா இருக்குது சிஸ்டர்" என்றேன்.

"அரக்குன்னா? சிவப்பா? ரத்தம்னா உடனே கூட்டிக்கினு வாங்கம்மா."

படுத்திருந்த தம்பி சிரித்தான். இருபது வருடமாகப் பட்டுக்குச் சாயம் போடுகிறவன்.

"டியூப் லைட்டுல பாத்து எவனாவது கலர் சொல்லுவானாக்கா? தறிக்கார மாமாகூட இத்தினி வருசம் குடும்பம் பண்ணி இதான் கத்துக்கினியா? ஒரு வெள்ளை இழை கொண்டா."

தறிமேல் என் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன வெள்ளைப் பட்டு நூல் சிட்டம்தான் இருந்தது. ஓர் இழை அறுத்து, வடித்த பித்தத்தில் தோய்த்து, வாசல் வெயிலில் பிடித்தேன். சிவப்பே இல்லை. பச்சை ஓடிய மஞ்சள். உடம்புக்குள் இருட்டில் இருப்பதற்கு இவ்வளவு நல்ல நிறம் எதற்கு?

போட்டோ அனுப்பினேன். "பித்தம்தாம்மா, பயப்படாதீங்க. தண்ணி நிறைய குடுங்க. காய்ச்சல், குளிர் வந்தா உடனே வாங்க" என்றார் சிஸ்டர்.

"மாம்பழக் கலருன்னு சொல்லியிருக்கணும்" என்றான் தம்பி.

"நாளைக்கு நீயே சொல்லுடா, பெரிய சாயக்காரன்."

வீட்டுக்காரர் இறந்துபோன இந்த ஆறு மாதமாக அந்தச் சிட்டத்தை நான் யாரையும் தொடவிட்டதில்லை. இன்று நானே அறுத்தேன். அறுக்கும்போது அவர் நினைப்பே வரவில்லை. எப்படி வராமல் போனது என்று தெரியவில்லை.