ஏலாத் போகும் கப்பல்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
12.3.1975

அன்புள்ள ஹென்றி அண்ணனுக்கு மரியசெல்வி எழுதுவது.

உன் டெல்லி பொய் சொல்லுகிறது. பாலஸ்தீனியருக்குத் தாயகம் வேண்டும் என்று உலகத்துக்கே எடுத்துச் சொல்லிவிட்டு, அவர்களுடைய விடுதலை இயக்கம் டெல்லியில் அலுவலகம் திறக்கவும் சம்மதித்துவிட்டு, இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரே ஒரு பாலஸ்தீனியரை இஸ்ரேலுக்குக் கப்பலேற்றப் போகிறது. அந்த இயக்கத்தை அங்கீகரித்த காகிதங்களை உன் வெளியுறவு ஆபீஸில் நீயே டைப் அடித்ததாகக் கிறிஸ்மசுக்குப் பெருமையாக எழுதியிருந்தாய். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

அவர் பெயர் நபீல். உரம் கொண்டுவந்த கிரேக்கக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. குடல்வால் ஆபரேஷனுக்காக இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. லெபனானில் அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம் ஒன்றுதான் கையில் இருக்கிறது, அதுவும் காலாவதி. நாற்பத்தெட்டில் இஸ்ரேல் உருவானபோது, அவர் கைக்குழந்தையாக இருக்கையில், நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பமாம். கப்பல் இங்கிலீஷில் அவர் சொன்னதை வார்டில் நான் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பேபி மதினி எங்கள் வார்டு ஆயாதானே. "திருச்செந்தூர் ரயில் நிக்கிற நாசரேத்தா? அங்கன எங்க சித்தி மக இருக்காளே!" என்றாள். இல்லை, சேசுநாதர் வளர்ந்த நாசரேத் என்றேன். மறுநாள் பூசை முடிந்ததும் பாதித் தெரு வார்டுக்கு வந்துவிட்டது. அவர் முஸ்லிம் என்று சொன்னாலும் காதில் விழவில்லை. அவர் கையை எடுத்துப் பிள்ளைகளின் தலையில் வைத்துக்கொண்டார்கள். அவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

அந்த அன்புதான் கெடுத்தது. அவரை நல்லபடியாக ஊருக்கு அனுப்பச் சொல்லி நம் கோயில் இஞ்ஞாசி உபதேசியார் மனு எழுதினார். வேதத்தில் உள்ளபடி 'இஸ்ராயேல் தேசத்தார்' என்று எழுதித் தெரு முழுக்கக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அதிகாரிகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அதே கம்பெனியின் இன்னொரு கப்பல் அடுத்த சனிக்கிழமை, 22ஆம் தேதி, இஸ்ரேலின் ஏலாத் துறைமுகத்துக்குப் போகிறது. அதில் ஏற்றிவிட உத்தரவு. நபீலின் தம்பி இயக்கத்தில் இருக்கிறானாம். இறங்கினால் நேரே ஜெயில்தான் என்கிறார்.

மனுவைத் திருத்துங்கள் என்று உபதேசியாரிடம் போய் நின்றேன். "ஏளா, சாலமோன் ராசா கப்பல் விட்ட துறைமுகம்லா ஏலாத்! அந்த மனுசன் சொந்த ஊருக்குல்லா போறான், நீ எதுக்குக் கெடந்து துள்ளுத?" என்றார். வேதத்தில் உள்ள தேசம் வேறு, இன்றைய அரசாங்கம் வேறு என்றேன். "வேதத்தையே அடிச்சு எழுதச் சொல்லுதியே, சபை மாறிட்டியா?" என்று பேபி மதினி சிரித்தாள். வழிக்கு முறுக்கும் கருவாடும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களை எப்படித் திட்டுவது?

எனக்கும் குழப்பம்தான். "ஒங்க ஆளு பொறந்த ஊரு இன்னைக்கு எந்த நாட்டுல இருக்கு? அதச் சொல்லும்மா" என்று கலெக்டர் ஆபீஸ் கிளார்க் கேட்டார். அதே கேள்வியை நபீலிடம் கேட்டுத் தொலைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் அவராகவே, வீடு அங்கேதான் இருக்கிறது, உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள் என்றார். அந்த வேறு யாரோவும் எங்கிருந்தோ துரத்தப்பட்டு வந்தவர்கள் என்று நீ முன்பு எழுதியிருந்தாய். அப்படியானால் நான் யார்மேல் கோபப்படுவது?

போன மாதம் இங்கே பாலஸ்தீன ஆதரவுக் கூட்டம் நடந்தது. மேடையில் முழங்கியவரைத் தேடிப் போய், ஒருவர் இங்கேயே இருக்கிறார், வந்து பாருங்கள் என்றேன். "இது சர்வதேசப் பிரச்சினை தங்கச்சி, தனி ஆள் விஷயம் இல்ல" என்றார். இப்படி ஒருவர் வார்டில் இருக்கிறார் என்று நான் முன்பே இரண்டு வரி எழுதியதற்கு நீயும் போன கடிதத்தில், மேலிடத்து விஷயம், தலையிடாதே என்றுதான் எழுதினாய். அவ்வளவு மேலே இருந்து பார்த்தால் ஆள் தெரியாதா?

அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. உனக்குப் பெண் பார்க்கக் கீழவைப்பார் போய்வந்தாள். என்னையும் ஒரு மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை என்று அம்மா என்னோடு பேசுவதில்லை.

அண்ணே, லீவு போட்டுவிட்டுப் பாலஸ்தீனியரின் அந்த அலுவலகத்துக்கு நேரே போ. உங்கள் ஆள் ஒருவர் தூத்துக்குடியில் இருக்கிறார், 'இஸ்ரேல்காரர் இல்லை, எங்கள் ஆள்தான்' என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேள். உன் வேலைக்கு ஆபத்து வரலாம், எனக்குத் தெரியும். மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

துறைமுகம் வரை நோயாளியோடு போகவேண்டியது வார்டு நர்ஸ். அது நான்தான். கப்பல் ஏணியில் ஏறச் சொல்லவேண்டியதும் நான்தான். அவர் திரும்பி, எங்கே அனுப்புகிறாய் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? நீ டெல்லியில் இருக்கிறாய். சனிக்கிழமைக்குள் தந்தி அடித்துச் சொல்.

அன்புத் தங்கை
மரியசெல்வி