வெல்லம் வேண்டாம் என்றவன்

மோனிகா, பையை வைத்துவிட்டு விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இந்தச் சீட்டைப் படியம்மா. உன் புருஷன் கதை ஒன்று சொல்கிறேன்.

இரும்பு வார்க்கும் கம்பெனியில் மணல் தட்டுகிறவர்களுக்குத் தினமும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள், தூசியை இறக்கிவிடும் என்று. அதை நம்பித்தான் எபினேசர் நெஞ்சு எக்ஸ்ரே வேண்டாமென்று உன்னோடு சண்டை போட்டான். காலையில் நீ கோபமாய் வேலைக்குப் போனாயே, இன்று அவன் வெல்லத்தை சூப்பர்வைசர் மேசையிலேயே வைத்துவிட்டானாம்.

“இன்னாப்பா, சுகரா?” என்று கேட்டிருக்கிறார் அவர்.

“இது வயித்துக்குப் போவுது சார். தூசி நெஞ்சுல குந்திகினு கீது. மாஸ்க்கு குடு, மணலுக்குத் தண்ணி அடி.”

பின்னால் நின்ற கங்கம்மா, “எனுக்கும் வோணாம், ஈயை நீயே ஓட்டு” என்று தன் கட்டியையும் வைத்தாளாம். அப்புறம் வரிசையே வைத்துவிட்டது. மேனேஜர் ஓடி வந்தார். தண்ணீர்க் குழாய் போடச் சொல்லிவிட்டார், எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்க இன்றைக்கே வேனும் ஏற்பாடு செய்துவிட்டார்.

இவ்வளவு பேசினவன் வீட்டுக்கு வந்து, “பயமா கீதும்மா, நீயும் வா” என்கிறான். வேன் வாசலில் நிற்கிறது, அத்தை கிளம்புகிறேன்.

நெத்திலிக் குழம்பு அடுப்பில். வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டி மேல் வை.

இன்னொன்று: “மோனிகா கைல நீயே சொல்லு, எனுக்கு கூச்சமா கீது” என்றான். அவன் வந்ததும் ‘அப்பவே சொன்னேன்ல’ என்று தொடங்காதே. முதலில் சோறு போடு.

எக்ஸ்ரே படம் எப்படி வந்தாலும் மூன்று பேரும் சேர்ந்தே பார்ப்போம். இந்த வீட்டில் எல்லோருக்கும் கர்த்தர் நீண்ட, நிறைந்த மூச்சைத் தரட்டும்.