கீச்சுச் சத்தம்

புரட்டாசி, இரண்டாம் ஞாயிறு

ஆறு மாதமாகப் படித்துப் படித்துக் கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயர் இன்று மாலை ஒருவழியாகக் கத்துவதை நிறுத்தியது. பாட்டுப் போடாதபோதும் ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. வெளியே போகும் ஒயர் உள்ளே வரும் ஒயரை ஒட்டி ஓடினால் அப்படிக் கத்தும் என்று புத்தகத்தில் இருந்தது. இரண்டையும் தள்ளி வைத்தேன். சத்தம் போய்விட்டது.

மனைவி செல்வியைக் கூப்பிட்டேன். "கீச்சு சத்தம் போய்ட்ச்சி, பாரு."

அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "இன்னாங்க, இன்னும் ஜாஸ்தியா இல்ல கத்துது? காது கூசுது."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. ஸ்பீக்கர் ஒயரில் மீட்டரை வைத்தேன். முள் ஏறியது. சத்தம் நிற்கவில்லை, கீச்சு இன்னும் மேலே ஏறிப்போயிருக்கிறது, அவ்வளவு உச்சத்தில் எனக்குத்தான் கேட்கவில்லை.

ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மிஷினில் பதினேழு வருடமாக நிற்கிறேன். காதில் வைக்கக் கொடுத்த அடைப்பான் பாதி நாள் சட்டைப்பையிலேயே கிடக்கும். செல்விக்கும் அது தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க ஒயரை நவுத்துங்க, நான் கேட்டு சொல்றேன்" என்றாள்.

காய்ந்த மரக்குச்சியால் ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன்.

"கம்மியாவுது. இல்ல, ஜாஸ்தியாய்ட்ச்சி. ஆங், அங்கியே வைங்க. நின்னுட்ச்சி!"

மீட்டரில் முள்ளும் இறங்கியிருந்தது. அவள் சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன்.

நாளைக்கு லீவு போட்டு வேலூரில் காதைக் காட்டச் சொல்கிறாள். சரி என்றேன். டாக்டர் என்ன எழுதித் தருவாரோ, அதைப் பார்த்த பிறகும் கம்பெனியில் அந்த மிஷினில் நிற்க விடுவார்களோ, அதை அவளிடம் கேட்கவில்லை.