பலகையில் எழுதவேண்டிய பெயர்

3.6.2024, திங்கள்
காலை 5.40க்கு மைதானம் சென்றேன். இருதயநாதன் எனக்கு முன்பே வந்து மகளிர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்து நான்கு; முழங்கால் இரண்டும் போய்விட்டன, விசில் மட்டும் ஓயவில்லை. திண்டுக்கல்லில் கால்பந்து ஆடுவதற்கென்றே மில்லில் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறை. இருபத்து நான்கு வயதில் மில் அணிக்கு ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே.

எங்கள் கால்பந்துக் கழகம் 1974இல் கோப்பை வென்றதன் பொன்விழாவுக்குப் பெயர்ப்பலகை தயாராகிறது. இறுதியாட்டத்தில் இரண்டு கோல் போட்டவர் யார் என்று கேட்கிறார்கள். பதிவேட்டில் 'ஸ்டீபன்ராஜ்' என்று இருக்கிறது. கழகச் செயலாளராக அதை எழுதியவன் நான். பொய்.

4.6.2024, செவ்வாய்
உள்ளபடி எழுதுகிறேன். மில் ஆட்டக்காரர் வெளி அணிக்கு ஆடினால் வேலை போகும். ஆகவே இருதயநாதன் எங்களுக்காக ஸ்டீபன்ராஜ் என்ற பெயரில் ஆடினார். உண்மையான ஸ்டீபன்ராஜ் எங்கள் மாற்று ஆட்டக்காரர். பெயரைக் கொடுத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே நின்றார். அடையாள அட்டை கேட்காத காலம். 18.8.1974, ஞாயிறு. வெறுங்காலால் இருபத்தைந்து கஜத்திலிருந்து இரண்டாவது கோல். அப்படியோர் அடியை அதன்பின் நான் கண்டதில்லை. ஐம்பது ஆண்டுகளாக அதற்குத் தவறான பெயர்! திருத்தாமல் விடமாட்டேன்.

6.6.2024, வியாழன்
திருத்தக் கடிதம் தட்டச்சாகிவிட்டது. மூன்று படிகள்.

9.6.2024, ஞாயிறு
இருதயநாதனிடம் கடிதத்தைக் காட்டினேன். சிரித்தார். "செக்ரட்டரி, உங்களுக்குத் தேதி தெரியும், பந்து தெரியாது. அது ஸ்டீபன் பேர்லயே கெடக்கட்டும். அவன் செத்துப் பதினோரு வருசமாச்சு. அவன் மக ஜெரின் விழாவுக்கு வருது."

"கோல் போட்டது நீங்கள் அல்லவா?"

"போட்டது நாந்தேன். அவன் பேர்ல நான் ஆடுனப்புறம் அவன் எங்கிட்டுப் போய் ஆடுவான்? ஆடுனா ரெண்டு பேரு சாயமும் வெளுத்துரும்ல. ஆட்டத்தையே எனக்குக் குடுத்துட்டான்யா."

இதை நான் எண்ணிப்பார்த்ததே இல்லை. ஆனாலும் பதிவேடு பதிவேடுதானே? என்ன மனுசன்யா இவரு — அம்புட்டுப் பெரிய கோல, சும்மா தூக்கிக் குடுக்குறாரு!

12.6.2024, புதன்
கடிதத்தை அனுப்பவில்லை.

16.6.2024, ஞாயிறு
விழா 10.12க்குத் தொடங்கிற்று, பன்னிரண்டு நிமிடத் தாமதம். பலகையிலிருந்த தந்தையின் பெயரைக் கைபேசியில் படமெடுத்த ஜெரின், "அப்பா அந்தக் கோல எப்பிடிப் போட்டாரு மாமா?" என்று கேட்டார். இருதயநாதன் அந்த முழங்காலோடு ஆடியே காட்டினார். "உங்கப்பன் இப்பிடி ஒரு திருப்புத் திரும்புனான் தாயி. கீப்பரு அந்தப் பக்கம் விழுந்தான். பந்து இந்தப் பக்கம்!"

மகளிர் அணியின் கீர்த்தனா வம்புக்கு இழுத்தாள்: "கோச், நீங்க அப்ப எங்க நின்னீங்க?"

"வெளிய நின்னு கை தட்டுனேன், கழுத. போய் ஓடு, நாலு ரவுண்டு."

ஜெரின் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா சார்?"

பார்த்தேன் என்றேன். இடது கால், அறுபத்தேழாவது நிமிடம் என்றேன்.